ஏரிக்கு நாடி பார்ப்பது எப்படி?

உடம்பு கணகணவென்று சுடுகிறது. மருத்துவரிடம் போகிறீர்கள். அவர் வெப்பமானியை உங்கள் நாக்குக்கு அடியில் வைத்து எடுத்துப் பார்க்கிறார். 102 டிகிரி. “காய்ச்சல்தான்” என்று சொல்லி மருந்து எழுதித் தருகிறார்.

102 டிகிரி என்றால் காய்ச்சல் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் வெப்பம் 98.4 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும் என்று முன்பே பல ஆயிரம் பேரிடம் அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய எண் இல்லாவிட்டால் இந்தப் புதிய எண்ணுக்குப் பொருளே இல்லை. இல்லையா?

இப்போது இன்னொரு கேள்வி. ஓர் ஏரிக்குக் காய்ச்சல் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு ஆற்றுக்கு? ஆறும் கடலும் கலக்கும் காயலுக்கு? மனிதர்கள் எல்லாருக்கும் 98.4 என்ற ஒரே எண் ஏறக்குறையப் பொருந்தும். நீர்நிலைகளுக்கு அப்படி ஒரு பொது எண் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நல்ல நிலை எது என்று தனித்தனியாக அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். இப்படி அளந்து எழுதி வைக்கும் வேலைக்குத்தான் அடிநிலை ஆய்வு என்று பெயர். கேட்பதற்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலை ஒரு பெரிய ஏரியையே காப்பாற்ற உதவியிருக்கிறது. அந்தக் கதையைப் பார்ப்போம், வாருங்கள்.

சில்காவுக்கு வந்த நோய்

சென்னையிலிருந்து ஹவுராவுக்கு ரயிலில் போனவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஒடிசா மாநிலத்துக்குள் நுழைந்து பெர்ஹாம்பூரைத் தாண்டியதும், வலப்பக்க ஜன்னலில் கடல் போல ஒரு நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கும். அதுதான் சில்கா ஏரி. ஏரி என்று பழக்கத்தில் சொன்னாலும் அது உண்மையில் ஒரு காயல். மழைக்காலத்தில் அதன் பரப்பு சுமார் 1,165 சதுர கிலோமீட்டர். கோடையில் அது சுமார் 906 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் பெரும்பகுதி இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை என்பது வியப்பான செய்தி.

காயலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்ட மணல்திட்டு ஒன்று வேலி போல நிற்கிறது. அந்த வேலியில் உள்ள வாசல்தான் முகத்துவாரம். ஒரு பக்கத்திலிருந்து ஆற்று நீர் வருகிறது. மறு பக்கத்திலிருந்து முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் வருகிறது. இரண்டும் கலந்த உவர்நீரில் இறால், நண்டு, மடவை முதலான மீன்கள் செழித்து வளர்கின்றன. ஐராவதி ஓங்கில்கள் நீந்துகின்றன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து லட்சக்கணக்கில் பறவைகள் வந்து இறங்குகின்றன. கரையோரக் கிராமங்களில் ஏறத்தாழ 2 லட்சம் மக்கள் இந்தக் காயலை நம்பிப் பிழைக்கிறார்கள்.

1980-களின் நடுவில் சில்காவில் ஆண்டுக்கு 8,000 டன்னுக்கு மேல் மீனும் இறாலும் கிடைத்தன. பிறகு வலைகள் இளைக்கத் தொடங்கின. 1990-களின் இறுதியில் அது 2,000 டன்னுக்கும் கீழே போய்விட்டது. ஆழம் குறைந்தது. நன்னீரில் செழித்து வளரும் வெங்காயத் தாமரையும் நாணலும் வடபகுதியை மூடிக்கொண்டன. உலகின் முக்கிய ஈரநிலங்களைக் காக்க ராம்சர் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் 1981-இல் இடம்பெற்ற சில்கா, 1993-இல் ‘ஆபத்தில் உள்ளவை’ என்று குறிக்கும் மாந்த்ரோ பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

காரணம் என்ன? “மலைகளில் மரத்தை வெட்டினார்கள், மண் அரித்து வந்து ஏரியைத் தூர்த்துவிட்டது” என்றார்கள் சிலர். “முகத்துவாரம் அடைபட்டுவிட்டது, கடல் நீர் வரவில்லை” என்றார்கள் வேறு சிலர். “ஏரியை அடைப்புக் கட்டி இறால் வளர்ப்பதுதான் காரணம்” என்றார்கள் இன்னும் சிலர். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஏதோ நியாயம் இருந்தது. ஆனால் மருந்து கொடுக்க வேண்டுமானால் எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவை எண்கள் மட்டுமே.

ஏரி எங்கே தொடங்குகிறது?

ஏரியைச் சோதிக்க வேண்டுமானால் ஏரியில் இறங்கினால் போதும் என்று நினைக்கிறீர்களா? போதாது. உங்கள் வீட்டு மாடியில் மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் ஓடி ஒரு குழாய் வழியாக இறங்குகிறது. மாடியில் காக்கை போட்ட எச்சமும் காய்ந்த இலையும் அந்தக் குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். குழாயின் அடியில் வைத்த வாளியில் அழுக்கு இருந்தால் வாளியைத் திட்டிப் பயனில்லை. மாடிக்கு ஏறிப் பார்க்க வேண்டும்.

ஏரி அந்த வாளி. எந்த நிலப்பரப்பில் விழும் மழையெல்லாம் வடிந்து அந்த ஏரிக்கு வருகிறதோ, அந்த நிலப்பரப்பு முழுவதும் அதன் மாடி. அதை வடிநிலம் என்கிறோம். சில்காவின் வடிநிலத்தில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. வடகிழக்கில் மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலிய ஆறுகள் வந்து சேர்கின்றன. மேற்கில் குன்றுகளிலிருந்து பல சிற்றாறுகள் இறங்குகின்றன. எனவே சில்காவின் அடிநிலை ஆய்வு என்றால் குன்றின் உச்சியில் தொடங்கி, வயல், ஊர், ஆறு, காயல், முகத்துவாரம் என்று கடல் வரைக்கும் நடந்தாக வேண்டும்.

எதையெல்லாம் அளப்பார்கள்?

மருத்துவர் நாடி, வெப்பம், இரத்த அழுத்தம் என்று வரிசையாகப் பார்ப்பது போல நீருக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பௌதிகச் சோதனைகள்.

ஆழத்தையும் வெப்பத்தையும் அளப்பது எளிது. நீரின் தெளிவை அளக்க ஒரு வேடிக்கையான கருவி இருக்கிறது. ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய விஞ்ஞானி 1865-இல் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுவே தெளிவின் அளவு. இன்றைக்கும் உலகெங்கும் இந்தச் செக்கித் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது 20 சென்டிமீட்டர் அகலத் தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியிருப்பார்கள். தட்டு சீக்கிரம் மறைந்தால் சூரிய ஒளி ஆழத்துக்குப் போகவில்லை, அடியில் உள்ள தாவரங்கள் உணவு தயாரிக்க முடியாது என்று பொருள்.

அடுத்தது, ஆறு கொண்டுவரும் மண். இதை எப்படி நிறுப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஊர் ஓடை 4 மீட்டர் அகலம், சராசரி அரை மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குப் பரப்பு 2 சதுர மீட்டர். மேலே மிதக்கும் ஒரு ஆரஞ்சுப் பழம் விநாடிக்கு 0.4 மீட்டர் நகர்கிறது. அடியில் உள்ள நீர் தரையில் உராய்வதால் மெதுவாகப் போகும். அதனால் 0.85 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 2 × 0.4 × 0.85 = 0.68 கன மீட்டர். அதாவது விநாடிக்கு 680 லிட்டர். ஒரு லிட்டர் நீரை வடிகட்டி, தாளில் தங்கிய மண்ணை உலர்த்தி எடை போட்டால் 50 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு சிட்டிகைகூடத் தேறாது. ஆனால் 680 லிட்டருக்கு 34 கிராம். ஒரு நாளில் 86,400 விநாடிகள். பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 2,900 கிலோ! ஒரு சின்ன ஓடை ஒரே நாளில் ஒரு டெம்போ மண்ணைச் சுமந்துவந்து கொட்டிவிடுகிறது. அப்படியானால் மகாநதியின் கிளைகள் ஒரு வெள்ளத்தில் எவ்வளவு கொண்டுவரும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த மண் ஏன் கடலுக்குப் போய்விடாமல் காயலிலேயே தங்குகிறது? இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஒரே அளவு களிமண் கலங்கல் நீரை ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள். மற்றதையும் அதே போலக் கலக்கிவிட்டு இரண்டையும் அசைக்காமல் வையுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்புப் போட்ட டம்ளர் முதலில் தெளியும். களிமண் துகள்களின் மேல் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் அவை நன்னீரில் சேராமல் மிதக்கின்றன. உப்பிலுள்ள அயனிகள் இந்தத் தள்ளுதலை மட்டுப்படுத்துகின்றன. துகள்கள் ஒட்டிக் கனத்துக் கீழே இறங்கிவிடுகின்றன. ஆற்று நீர் உவர்நீரைத் தொடும் இடத்தில் இதுதான் நடக்கிறது. நீரோட்டம் வேகம் குறைவதும் இதற்குத் துணைபோகிறது.

இரசாயனச் சோதனைகள்

காயலுக்கு மிக முக்கியமான எண் உப்பின் அளவு. கடல் நீர் 1,000 கிராமில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் அரை கிராம்கூட இருக்காது. காயலில் இது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். பால்காரர் பாலில் தண்ணீர் கலந்தாரா என்று பால்மானியை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள் அல்லவா? அதே தத்துவம்தான். உப்பு நீர் கனமானது. மிதவை உயர்ந்து நிற்கும். நன்னீரின் ஒப்படர்த்தி 1.000 என்றால் கடல் நீருக்குச் சுமார் 1.025. இன்னும் நுட்பமாக அறிய, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, எவ்வளவு சேர்த்தால் குளோரைடு முழுவதும் வெண்ணிற வீழ்படிவாகிறது என்று கணக்கிடுவார்கள். நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்துச் சொல்லும் கருவிகளும் உண்டு.

அடுத்தது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன். மீன் மூச்சு விடுவது இதைக்கொண்டுதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்க முடியும். 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். கடல் நீராக இருந்தால் அதே வெப்பத்தில் 6 மில்லிகிராமை ஒட்டித்தான். நம்மூர்ச் சூட்டில் மீன்களுக்கு ஏற்கனவே அளந்த சாப்பாடுதான் கிடைக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கழிவு நீரும் அழுகிய செடிகளும் அதிலும் கையை வைத்தால் என்னாகும்? ஆக்சிஜனை அளக்க லுட்விக் விங்க்லர் 1888-இல் சொன்ன முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் நடைமுறையில் இருக்கிறது.

பி.எச். எனப்படும் அமில காரத் தன்மையையும், நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய சத்துகளையும் அளக்க வேண்டும். இந்தச் சத்துகள் வயலுக்கு உரம். மழையில் கரைந்து ஏரிக்கு வந்தால் அங்கேயும் அவை உரம்தான். ஆனால் விளைவது நெல் அல்ல, பாசியும் களையும்! அவை செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. வடிநிலத்து வயலில் கூடுதலாகத் தூவிய ஒரு மூட்டை உரத்துக்கும் காயலில் மூச்சுத் திணறும் மீனுக்கும் உள்ள உறவு இப்போது புரிகிறதா?

எப்போது அளப்பது?

ஒரு நாள் போய் ஒரு புட்டி நீர் எடுத்துவந்து சோதித்தால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே இடத்து நீர் ஒரே நாளில் பல முகம் காட்டும். பகலில் நீர்த் தாவரங்கள் ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இரவில் எல்லா உயிர்களும் அதை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. ஆகவே பிற்பகலில் ஆக்சிஜன் மிகுந்தும் விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்தும் இருக்கும். முகத்துவாரத்துக்கு அருகில் ஏற்றவற்றத்தால் உப்பு ஏறி இறங்கும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். இவற்றுக்கு மேல் மழைக்காலம், கோடை என்ற பெரிய மாற்றம் இருக்கிறது.

ஆகவே அடிநிலை ஆய்வு என்றால் பல இடங்களில், குறைந்தது ஓர் ஆண்டு முழுவதும், முடிந்தால் பல ஆண்டுகள், ஒரே முறையில் அளக்க வேண்டும். இடம், நாள், மணி, முந்தைய நாள் மழை பெய்ததா என்பதையெல்லாம் எழுத வேண்டும். இறுதியில் கிடைப்பது ஒற்றை எண் அல்ல. ‘இந்த இடத்தில், இந்த மாதத்தில், இதிலிருந்து இதுவரை இருப்பது இயல்பு’ என்ற எல்லை. புதிய அளவு அந்த எல்லையைத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

நூறாண்டுக்கு முந்தைய குறிப்பேடு

சில்காவுக்கு ஒரு நல்வினை இருந்தது. நெல்சன் அன்னன்டேல் என்ற உயிரியல் அறிஞர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையின் முதல் இயக்குநர் அவரே. அதற்கு முன்பே, 1913, 1914 ஆண்டுகளில், அவரும் ஸ்டான்லி கெம்ப் என்பவரும் சில்காவில் படகில் சுற்றி ஆராய்ந்தார்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த உயிர் கிடைத்தது என்று குறித்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அந்த இடத்து நீரின் ஒப்படர்த்தி என்ன என்பதையும் சேர்த்து எழுதினார்கள். 1915 முதல் அவை அச்சில் வந்தன.

அப்போது சில்காவுக்கு எந்த நோயும் இல்லை. யாரும் அவர்களிடம் ‘ஏரிக்கு என்ன ஆயிற்று’ என்று கேட்கவில்லை. இருந்தும் எழுதி வைத்தார்கள். 1980-களின் நடுவில் அதே துறையின் விஞ்ஞானிகள் மறுபடியும் சில்கா முழுவதும் ஆராய்ந்தபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் பழைய ஏடு இருந்தது. நோய் வந்த பிறகு நல்ல நாளின் அளவை எடுக்க முடியாது. அதனால்தான் அந்த ஏடு விலைமதிப்பற்றது.

நோயும் மருந்தும்

1990-களில் சில்கா வளர்ச்சி ஆணையம் என்ற ஓர் அமைப்பை ஒடிசா அரசு ஏற்படுத்தியிருந்தது. புனேயில் உள்ள மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையமும் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஆய்வில் இறங்கின. ஆழம், நீரோட்டம், ஏற்றவற்றம், உப்பு, ஆற்று வரத்து என்று அளவுகள் குவிந்தன.

அவை என்ன சொல்லின? அந்தக் கடற்கரையில் அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மணல்திட்டு வளர வளர முகத்துவாரமும் வடக்கே நகர்ந்தது. காயலுக்கும் கடலுக்கும் இடையே உள்ள கால்வாய் நீண்டு வளைந்து தூர்ந்துபோனது. நீண்ட குழாயின் ஒரு முனையில் ஊதினால் மறு முனையில் காற்று வலுவிழந்து வருவது போல, கடலின் ஏற்றவற்றம் காயலை அடைவதற்குள் வலுவிழந்தது. கடல் நீர் வருவது குறைந்ததால் உப்பு குறைந்தது. உப்பு குறைந்ததால் நன்னீர்க் களைகள் பெருகின. களைகள் நீரோட்டத்தைத் தடுத்ததால் வண்டல் மேலும் தங்கியது. இறால் குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் கடலிலிருந்து காயலுக்குள் வரும் வழியும் மூடிக்கொண்டது.

இப்போது கணக்குப் போட முடிந்தது. எந்த இடத்தில் புதிய வாசல் வெட்டினால் உப்பு எவ்வளவு ஏறும் என்று மாதிரிகளில் பார்த்தார்கள். உப்பு குறைந்தால் களை. மிகுந்தாலோ காயல் கடலாகிவிடும். இரண்டும் ஆகாது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் மணல்திட்டில் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. கடலுக்கான பாதை சுமார் 18 கிலோமீட்டர் குறைந்தது. கூடவே மேற்குக் குன்றுகளில் கிராம மக்களுடன் சேர்ந்து மண் அரிப்பைத் தடுக்கும் வேலைகளும் நடந்தன. வாளியைக் கழுவியதோடு மாடியையும் பெருக்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலன்? 2001-02-இல் மீன் பிடிப்பு ஏறத்தாழ 12,000 டன். களைகள் பின்வாங்கின. கடற்புல் பரவியது. 2002-இல் மாந்த்ரோ பதிவேட்டிலிருந்து சில்காவின் பெயர் நீக்கப்பட்டது. ஆசியாவில் அப்படி நீக்கப்பட்ட முதல் ஈரநிலம் அதுவே. அந்த ஆண்டு ராம்சர் விருதும் கிடைத்தது.

நாடி பார்ப்பதை நிறுத்தலாமா?

குணமாகிவிட்டது என்று கதையை முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் கடற்கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2008-இல் கடலே மணல்திட்டை உடைத்து இன்னொரு வாசலைத் திறந்துகொண்டது. 2013 அக்டோபரில் பைலின் புயல் சில்காவுக்கு அருகே கரையைக் கடந்தது. பின்னர் வந்த வெள்ளத்தால் காயலின் உப்பு வெகுவாகக் குறைந்தது. 2019 மே மாதம் பானி புயல் பூரிக்கு அருகே தாக்கியது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான். இது வந்து போகும் சளியா, தங்கிவிடும் நோயா? மாதந்தோறும் 30-க்கும் மேற்பட்ட இடங்களில் நீரை எடுத்துச் சோதித்துவருவதால்தான் அங்கே இந்தக் கேள்விக்கு விடை தேட முடிகிறது.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும்? டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் கண்டதையே இயல்பு என்று எண்ணிக்கொள்கிறது என்றார் அவர். தாத்தா காலத்தில் ஆற்றில் அடிமணல் தெரிந்தது. அப்பா காலத்தில் கலங்கல். நம் காலத்தில் நாற்றம். நமக்குப் பின் வருபவர்கள் ‘ஆறு என்றால் நாறத்தானே செய்யும்’ என்பார்கள்! எங்கிருந்து தொடங்கினோம் என்பதே மறந்துபோனால், எதை மீட்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

உங்கள் ஊர் ஏடு

சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டில் உள்ள பெரிய உவர்நீர்க் காயல் எது தெரியுமா? நமக்கு அருகிலேயே இருக்கும் பழவேற்காடுதான். ஆரணியாறும் காளங்கி ஆறும் வந்து சேரும் அந்தக் காயலின் முகத்துவாரத்திலும் மணல் சேர்ந்து அடைக்கும் தொல்லை உண்டு. கடற்கரை நெடுகிலும் இப்படிச் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ ஓடைகளும் கழிமுகங்களும் இருக்கின்றன. அவற்றில் எத்தனைக்கு ஓர் அன்னன்டேலின் குறிப்பேடு இருக்கும்?

உங்கள் ஊர்க் குளத்துக்கோ ஓடைக்கோ நீங்களே ஓர் ஏடு தொடங்கலாம். பெரிய கருவிகள் வேண்டாம். ஒரு வெப்பமானி, பி.எச். தாள், அளவுநாடா, கடிகாரம், ஒரு ஆரஞ்சுப் பழம், கறுப்பு வெள்ளை பூசிய ஒரு பழைய டப்பா மூடி, கயிறு. மூடி தட்டையாக இறங்க அடியில் ஒரு கல்லைக் கட்டுங்கள். ஆசிரியரோ பெரியவர் ஒருவரோ உடன் இல்லாமல் நீர் அருகே போகாதீர்கள். வெள்ளம் ஓடும்போது எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள். பாலம், படித்துறை போன்ற இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் அளங்கள். காற்றின் வெப்பம், நீரின் வெப்பம், தெளிவு, வேகம், பி.எச்., நிறம், வாசனை, கண்ட பறவை, மீன் எல்லாவற்றையும் எழுதுங்கள். அளவு விசித்திரமாகத் தோன்றினால் அடித்துத் திருத்திவிடாதீர்கள். இன்னொரு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். பிழையாக நினைத்த எண்ணே பிறகு பெரிய செய்தியாக மாறலாம்.

முதல் ஆண்டில் அந்த ஏடு பெரிதாக எதையும் சொல்லாது. பள்ளியை விட்டுப் போகும்போது அதைத் தம்பி, தங்கைகளிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு நாள், அந்த ஓடையில் மீன் செத்து மிதக்கும்போது, ‘இது முன்பு எப்படி இருந்தது?’ என்று யாராவது கேட்பார்கள். அப்போது ஊரில் பதில் சொல்லக்கூடியது உங்கள் ஏடு ஒன்றாகத்தான் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பக்கத்தில் தேதியைப் போட்டுத் தொடங்கலாமே!